சார் போட்ட கோலிக்குண்டு

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் அறிவியல் சார் எவர்சில்வர் தாம்பாளத்தோடு வந்தார். அடியில் அடுப்புச் சாம்பல், மேலே சலித்த கோலமாவு. நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு கோலிக்குண்டை விட்டார். பொத்தென்று விழுந்தது. வெள்ளை மாவின் மேல் சாம்பல் கீற்றுக் கீற்றாகத் தெறித்துக் கிடந்தது. "நிலாவுல இருக்கிற பள்ளம் இப்படித்தான்டா. அடியில கெடந்தது மேல வந்துடுச்சு பாரு."

"சாய்வா வந்து விழுந்தா குழி நீளமால்ல இருக்கணும் சார்?" என்று கேட்டேன். சாய்த்து வீசிப் பார்த்தார், நீளமாகத்தான் விழுந்தது. சந்தோஷமாகச் சிரித்தார். "கோலி மெதுவா வருது. விண்கல் ஒரு நொடியில பல கிலோமீட்டர் வரும். மோதுன வேகத்துல வெடிகுண்டு மாதிரி வெடிக்கும். அதனால பெரும்பாலும் வட்டமாத்தான் விழும்." நான் இயற்பியல் படித்தது அந்தப் பதிலால்தான்.

2011-இல் மெசஞ்சர் விண்கலம் புதனைச் சுற்ற ஆரம்பித்ததும் அதன் படங்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். புதனின் பள்ளங்களுக்கு மறைந்த கலைஞர்கள், எழுத்தாளர்கள் பெயரைத்தான் வைப்பார்கள். ஒன்றின் பெயர் தியாகராஜர்! 1976-லேயே வைத்திருக்கிறார்கள். திருவொற்றியூரில் வீணை குப்பையர் வீட்டில் தங்கி, நம் வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய அதே தியாகராஜர். அந்தக் கோயிலைத் தாண்டித்தானே தினமும் பள்ளிக்கு நடந்தோம்?

குறுக்களவு சுமார் 100 கிலோமீட்டர். திருவொற்றியூரில் ரயில் ஏறி சூளூர்பேட்டையில் இறங்கினாலும் மறுகரை வராது.

போன தை மாதம் ஊருக்கு வந்தபோது படத்தை அச்செடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "தரையில திட்டுத் திட்டா நீலமா இருக்கே, அது என்னடா?"

நிறம் கூட்டிய படம் என்றேன். அவை விளிம்பில்லாத சின்னச் சின்னக் குழிகள். பாறைக்குள் இருந்த ஏதோ ஒன்று உருகாமலே ஆவியாகிப் போனதால் தரை உள்வாங்கியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். பகலில் அங்கே 430 டிகிரி வரை கொதிக்கும். இந்த முறை நான் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உருகாம ஆவியாகுதா? அப்ப கோலமாவுல கற்பூரத்தப் பொதைச்சு வெயில்ல வெச்சா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்து வரச் சொல்லிப் பேத்திக்குக் குரல் கொடுத்தார்.