நம்ம லைனிலிருந்து வெளியே போகும் ஸ்பேம்

பாலக்காடு மாவட்ட எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் சுற்றுவட்டாரத்தில் கேபிள் டிவி கொடுத்தவர்களே இப்போது ஃபைபர் இழுத்து நெட்டும் கொடுக்கிறார்கள். ஸ்பேம் என்றால் இன்பாக்ஸில் வந்து விழும் குப்பை என்றே பலரும் நினைப்பது. அதை ஜிமெயில் பார்த்துக்கொள்ளும். சின்ன ஆபரேட்டரைப் படுத்துவது, அவர் லைனிலிருந்து வெளியே போகிற ஸ்பேம்.

வெளி இன்டர்நெட்டில் தெரியும் பொது ஐபி முகவரி கொஞ்சம்தான் கைவசம் இருக்கும். அதனால் வீடுகளுக்கு 100.64-இல் தொடங்கும் உள்முகவரி கொடுத்து, சிஜிநாட் (முகவரி மாற்றிப் பகிரும் முறை) வழியாகப் பல வீட்டை ஒரே பொது ஐபியில் அடைக்கிறோம். திருட்டு விண்டோஸ் போட்ட ஒரு அரிசி ஆலை பில்லிங் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறினால், அது ஊர் உலகத்து மெயில் சர்வர்களின் போர்ட் 25-ஐ, அதாவது சர்வர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று மெயில் வாங்கும் வாசலை, தட்டத் தொடங்கும். ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் எக்ஸ்பிஎல் (வைரஸ் ஏறிய கம்ப்யூட்டர்களின் ஐபி) பட்டியலில் அந்தப் பொது ஐபி ஏறிவிடும். ஆலைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அதே ஐபியில் இருக்கும் மற்ற வீடுகளில் சில வெப்சைட்டுகள் கேப்சா கேட்டே உயிரை வாங்கும். போன் வருவது ஆபரேட்டருக்கு.

மருந்து எளிது. மைக்ரோடிக் ரவுட்டரின் ஃபயர்வாலில், கடந்து போகும் டிராஃபிக்கைப் பார்க்கும் ஃபார்வர்டு செயினில், உள்முகவரிகளிலிருந்து வெளியே போகும் டிசிபி போர்ட் 25-க்கு இரண்டு ரூல். முதல் ரூல், அனுப்பும் ஐபியை ஒரு நாள் டைம்அவுட்டோடு அட்ரஸ் லிஸ்டில் சேர்க்க. அதற்குக் கீழே, பாக்கெட்டைத் தூக்கிப்போடும் டிராப் ரூல். காலையில் லிஸ்டைத் திறந்தால் யார் வீட்டில் கோளாறு என்று தெரிந்துவிடும். ரூல் போட்டும் கவுண்டர் 0-விலேயே நின்றால், மேலே ஏதோ ஒரு ‘எல்லாம் அனுமதி’ ரூல் பாக்கெட்டை விழுங்குகிறது. இந்த இரண்டையும் அதற்கு மேலே இழுத்துவிட வேண்டும். ஐபிவி6 ஓடினால் அதன் ஃபயர்வால் தனி. அங்கும் போட மறப்பவர்களே அதிகம்.

587, 465 இரண்டையும் தொடக் கூடாது. அவை பாஸ்வேர்டு கேட்டு மெயில் வாங்கும் வழிகள். டிராப் போட்ட அன்றே பழைய சிசிடிவி டிவிஆரும் ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினும் மெயில் அனுப்ப முடியாமல் நின்றுபோகும். செட்டிங்கில் 25 என்று இருப்பதை 587 ஆக்கினால் பெரும்பாலும் போதும். சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் கஸ்டமருக்கு ஸ்டாட்டிக் ஐபியும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (ஐபியைக் கேட்டால் பெயர் சொல்லும் பதிவு) கொடுத்து, அந்த ஒரு ஐபிக்கு மட்டும் விலக்கு.

புகார் வரும்போது பொது ஐபியும் நேரமும் மட்டும் இருந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே ஐபியில் பல வீடு இருப்பதால், இணைப்பு கிளம்பிய சோர்ஸ் போர்ட் எண்ணும் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் 1024 போர்ட் என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் ஒரு ஐபியில் 63 வீடு அடங்கும் (முதல் 1024 போர்ட்டை விட்டுவிட்டு), ஒவ்வொரு இணைப்பையும் லாகில் (பதிவேட்டில்) எழுதும் வேலையும் மிச்சம். புகாரில் இருப்பது பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது) நேரம். ஐந்தரை மணி கூட்டாமல் தேடினால் அப்பாவி வீட்டு லைன் கட்டாகும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவு.

ஸ்பாம்ஹவுஸின் இன்னொரு பட்டியலான பிபிஎல்லில் நம் ஐபி இருந்தால் பதற வேண்டாம். வீட்டு இணைப்பு ஐபி நேரடியாக மெயில் அனுப்பக் கூடாது என்ற கொள்கைப் பட்டியல் அது. எக்ஸ்பிஎல்தான் நோய். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யாமல் ஐபியை நீக்கினால் மறுபடி ஏறிவிடும்.

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்கள் ஒரு ஐபி பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பாம்ஹவுஸை 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) வழியாகக் கேட்கக் கூடாது. 127.255.255.254 என்று பிழைப் பதில் வரும். வந்த பதில் எதுவானாலும் தடு என்று எழுதிய சர்வர், நல்ல மெயிலையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். அன்பவுண்ட் என்ற மென்பொருளைப் போட்டு, டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தேடும் சொந்த ரிசால்வர் வைத்துக்கொள்வதே நல்லது.