எந்த ஹஸ்த்ருபால்? கார்த்தேஜ் பெயர் அட்டவணை, இதுவரை

ரோமோடு மோதிய வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதிகளின் பெயர்களை அவர்களுடைய பியூனிக் எழுத்திலேயே எழுதி, ஒவ்வொரு பெயரின் கீழும் அதை வைத்திருந்தவர்களைப் பிரித்துக்கொண்டு வருகிறேன். ஹஸ்த்ருபால் பக்கம் இப்போது முடிந்தது.

எழுத்துகள் மொத்தம் 22. வலமிருந்து இடமாக எழுத வேண்டும், உயிரொலிக்கு எழுத்து கிடையாது. ஹன்னிபாலுக்கு ஹேத், நூன், பேத், அயின், லாமேத் என்று ஐந்தே எழுத்து. அயின் வெறும் வட்டம். கட்டம் போட்ட தாளில் எல்லாப் பெயரும் இடது ஓரத்தில் முடியும்படி அடுக்கினேன். ஹன்னிபால், ஹஸ்த்ருபால், அதெர்பால், மஹர்பால் எல்லாவற்றுக்கும் பேத், வட்டம், லாமேத் என்று ஒரே வால்! விவிலியத்தில் பாகால் என்று வருகிறதே, அந்தத் தெய்வத்தின் பெயர் அது. ஹமில்கார், பொமில்கார் இரண்டிலும் இருப்பது மெல்கார்த் என்ற இன்னொரு தெய்வம்.

சரி, ஆட்களைப் பிரிப்பது எப்படி? கார்த்தேஜ் நேர்த்திக் கற்களில் 'இன்னார் மகன் இன்னார்' என்றே பெயர் வெட்டியிருப்பார்கள். நானும் தந்தை பெயரைப் பிடித்துக்கொண்டேன். ஹமில்கார் பார்க்காவின் மகன் ஹஸ்த்ருபால், ரோமை எதிர்த்து இத்தாலிக்குள் படையெடுத்த ஹன்னிபாலின் தம்பி. அண்ணனுக்குத் துணையாக ஆல்ப்ஸைத் தாண்டி வந்து கி.மு. 207இல் மெத்தாரஸ் ஆற்றங்கரையில் மாண்டவர். கிஸ்கோவின் மகன் ஹஸ்த்ருபால், நுமிதிய அரசி சோபோனிஸ்பாவின் தந்தை. ஸ்பெயினில் புதிய கார்த்தேஜை நிறுவி கி.மு. 221இல் கொலையுண்ட ஹஸ்த்ருபால், ஹமில்கார் பார்க்காவின் மகளை மணந்த மருமகன். கி.மு. 146இல் நகரம் எரியும்போது சரணடைந்தவர் இன்னொருவர்.

என் மனதுக்கு நெருக்கமானவர், இத்தாலியில் ஹன்னிபால் ரோமரை வென்ற கன்னே போரின் ஹஸ்த்ருபால். கி.மு. 216இல் இடப்பக்கக் குதிரைப்படை அவர் கையில் இருந்தது. எதிரே நின்ற ரோமக் குதிரைவீரர்களை நொறுக்கிவிட்டு, ரோமப் படைக்குப் பின்னாலேயே மறுகோடிக்குப் போனார். அங்கிருந்த ரோமரின் கூட்டாளிக் குதிரைப்படை அவரைக் கண்டதுமே ஓடியது. துரத்தும் வேலையைக் கார்த்தேஜ் பக்கம் நின்ற வட ஆப்பிரிக்கக் குதிரைவீரர்களான நுமிதியர்களிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து காலாட்படையை முதுகில் தாக்கினார். ஜெயித்த குதிரைப்படையை இப்படித் திருப்பிக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. கன்னே என்றாலே ஹன்னிபாலை மட்டும் பேசுகிறோம், இவரையும் சேர்த்துப் பேச வேண்டும். அட்டவணையில் அவர் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அடுத்தது ஹன்னோ. 'மகா' என்ற பட்டமே ஒன்றுக்கு மேற்பட்ட ஹன்னோக்களுக்கு உண்டு, அதனால் பட்டப்பெயருக்குத் தனிப் பத்தி போட்டாயிற்று. ஹன்னிபால் படைக்காக ரோன் ஆற்றை மேல்நீரோட்டப் பக்கம் போய்க் கடந்து, மறுகரையில் நின்ற கால் (Gaul) இனத்தாரைப் பின்னாலிருந்து தாக்கிய ஹன்னோ பொமில்காரின் மகன். அவரிலிருந்து தொடங்குகிறேன்.