சந்தைக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்த அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் பிரதேச சபையின் கட்டடம் ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. போருக்குப் பிறகு ஏதோ உதவித் திட்டத்தில் கட்டியது. கச்சான் (நிலக்கடலை) வறுப்பவர்கள், மிளகாய்த்தூள் அரைப்பவர்கள் என்று சில பேர் சங்கமாகச் சேர்ந்திருந்தோம். கச்சான் இங்கே நன்றாக விளைகிறது; ஆனால் உடைத்து வறுத்துப் பொதி செய்ய இடமில்லாமல் மூட்டையாகவே வெளியே போய்விடுகிறது. அந்தக் கட்டடத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று இறங்கினோம்.

முதல் கடிதம் கொடுத்த நேரம் தெரிவான சபையே இல்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, தேர்தலோ 2025 மே 6 வரை இழுபட்டது. இடையில் எல்லாம் பிரதேச சபைச் செயலாளர் கையில். குத்தகை என்றதும் அவர் தயங்கினார். "புதுச் சபை வரட்டும் தம்பி" என்றார். குறை சொல்லவும் முடியாது, நாளைக்குக் கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

சபை வந்த பிறகு அதன் தலைவரான தவிசாளர் ஆர்வமாகவே கதைத்தார். ஆனால் சபைச் சொத்தை வாய்ப்பேச்சில் தர முடியாது. மாதாந்த அமர்வில் தீர்மானம், வாடகை மதிப்பீடு, பிறகு பகிரங்கக் கேள்வி கோரல், அதாவது டெண்டர். வெளியூர் முதலாளி ஒருவர் கூடக் காசு போட்டு, சாமான் அடுக்கி வைக்கிற களஞ்சியமாக எடுத்துவிடுவாரோ என்பதுதான் எங்கள் பயம். உறுப்பினர்களோடு இருந்து கதைத்தோம். யாருக்குக் கொடுப்பது என்று சபை முன்கூட்டியே முடிவெடுக்கக் கூடாது, சரி. எதற்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கலாமே? "உள்ளூர் விளைபொருளைப் பதனிடுவதற்கு மட்டும்" என்ற நிபந்தனை கேள்விப்பத்திரத்தில் ஏறியது. அதற்குப் பிறகும் போட்டி இருந்தது. கிடைத்தது எங்களுக்கு.

ஒப்பந்தத்தில் வாடகையைவிடத் திருத்த வேலைகளுக்குத்தான் அதிகம் இழுபறி. கூரையை நாங்கள் திருத்தி அந்தச் செலவை வாடகையில் கழிப்பது, கழிவுநீர் வாய்க்காலைச் சபை கட்டுவது என்று முடிந்தது. அரைக்கும் இயந்திரத்துக்குத் திறீ பேஸ் (மும்முனை) மின்சாரம் வேண்டும். அதற்குக் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். உரிமையாளர் சபை. கடிதம் எத்தனை நாளுக்குள் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவித்தோம். பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலையத் தேவையிருக்கவில்லை.

மற்றவை பெரிய விஷயமில்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில், அனுமதிப்பத்திரம் பிரதேச சபையில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அனுமதிப்பத்திரம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும், அதனால் வருடக் கடைசியில் எடுக்காதீர்கள்.

இயந்திரம் ஓடுகிறது. வாய்க்கால் மட்டும் இன்னும் வரவில்லை, பொறுப்பு யாருடையது என்று எழுதினோமே தவிரத் திகதி போடவில்லை. சபையின் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் வருடக் கடைசியில்தான் அமர்வுக்கு வரும். அதில் ஏற்றுவிக்க இப்போதே கடிதம் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை குத்திய பிரதியும் எடுத்து வைத்திருக்கிறோம்.