கண்ணில் படாத மூன்று பைட்

பிப்ரவரி 7, சனி

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி கேமுக்கு ஒரு குட்டி மாட் (கேமை நம் இஷ்டப்படி மாற்றும் கூடுதல் கோப்புகள்) செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஆசை அக்கா மகனுடையது. "மாமா, நம்ம தலைவருங்க மட்டும் ஏன் இவ்ளோ சீக்கிரம் செத்துப்போறாங்க?" என்று கேட்டான். சரி, தலைவர்கள் 40 வருடம் கூடுதலாக வாழ ஒரு குணம் சேர்த்துவிடுவோம். பெயரும் வைத்தாயிற்று: முதுகுடி.

நோட்பேடிலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேமில் உள்ள குணங்கள் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். 'காமன்' ஃபோல்டருக்குள் 'டிரெய்ட்ஸ்' என்று தனியாக இருக்கின்றன. ஒன்றைத் திறந்து பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. பிராக்கெட்டுக்குள் பிராக்கெட், அதற்குள் இன்னொன்று. எது எங்கே மூடுகிறது என்று திரையில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

நிரல் எழுதுவதற்கென்றே உள்ள எடிட்டரான வி.எஸ். கோடை இறக்கினேன். நோட்பேட்++ என்ற இன்னொரு எடிட்டர் மேல் எனக்குப் பழைய பாசம் உண்டு. 2003-லிருந்து இருக்கிறது, சொடக்குப் போடுவதற்குள் திறந்துவிடும். ஆனால் முழு ஃபோல்டரையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மேய்வதற்கு வி.எஸ். கோட்தான் தோது. இலவசம் என்பதில் ஒரு சின்ன நுணுக்கம். அதன் மூல நிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. மைக்ரோசாஃப்ட் தரும் இன்ஸ்டாலருக்கோ தனி உரிமம், கூடவே நாம் பயன்படுத்தும் விதத்தை அவர்களுக்கு அனுப்பும் டெலிமெட்ரி. அது பிடிக்காதவர்களுக்கு அதே நிரலில் டெலிமெட்ரியை எடுத்துவிட்டுக் கட்டிய விஎஸ்கோடியம் இருக்கிறது. நான் செட்டிங்ஸில் போய் டெலிமெட்ரியை அணைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையிலேயே ஒரு அசட்டுத்தனம். கேமின் சொந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தவன், கை பழக்கத்தில் ஏதோ தட்டி, கண்ட்ரோல் எஸ்ஸும் அடித்துவிட்டேன். என்ன தட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கேமை இறக்கிய ஸ்டீம் செயலியில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டி மீட்டேன். அதே வசதிதான் ஒரு எச்சரிக்கையும்: கேமின் கோப்பிலேயே மாற்றம் செய்தால் அடுத்த அப்டேட்டில் மொத்தமும் துடைத்துக்கொண்டு போய்விடும். நம் சரக்கு நம் ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும். டாக்குமெண்ட்ஸுக்குள் பாரடாக்ஸ் இண்டராக்டிவ் (கேமை வெளியிடும் நிறுவனத்தின் பெயர்), அதற்குள் ஸ்டெல்லாரிஸ், அதற்குள் 'மாட்'. காலி மாட் ஒன்றைக் கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சரே உருவாக்கித் தந்துவிடுகிறது.

பிறகு ஒரே வொர்க்ஸ்பேஸில் இரண்டு ஃபோல்டர்களையும் சேர்த்தேன். மேலே என் மாட், கீழே கேம். கேம் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டேன். 'ஃபைல்ஸ் ரீட்ஒன்லி இன்க்ளூட்' என்று அதற்கொரு செட்டிங் இருக்கிறது. இப்போது அங்கே எதைத் தட்டினாலும் எடிட்டர் மறுத்துவிடுகிறது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மாடிங்குக்கு எடிட்டர் தருகிற பெரிய வரம் சொற்களுக்குப் பூசும் கலர் என்று பலர் சொல்வார்கள். எனக்கென்னவோ தேடல்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். கேம் முழுக்க ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறதோ அத்தனை வரியும் இடப்பக்கம் வந்து நிற்கும். ஆயுளைக் கூட்டும் குணம் கேமிலேயே ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, நகலெடுத்து, பெயரை மாற்றினேன். பாதி வேலை முடிந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

குணம் திரையில் வந்துவிட்டது! ஆனால் 'முதுகுடி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'டிரெய்ட்_முதுகுடி' என்று உள்பெயர் அப்படியே பல்லைக் காட்டுகிறது.

பெயரும் விளக்கமும் 'லோக்கலைசேஷன்' ஃபோல்டரில் தனிக் கோப்பில் இருக்க வேண்டும். கோப்பின் பெயர் 'எல்_இங்கிலீஷ்' என்று முடிய வேண்டும், பின்னால் யாமல் என்ற கோப்பு வகையின் வால். பெயருக்குத்தான் யாமல்; உள்ளே இருப்பது கேமின் சொந்த இலக்கணம். முதல் வரியிலும் அதே 'எல்_இங்கிலீஷ்', அடுத்து முக்காற்புள்ளி. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எழுத்தெழுத்தாகக் கேமின் கோப்போடு ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. மணி பன்னிரண்டரை. படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 11, புதன்

பிழைப் பதிவைத் திறக்க நேற்றே தோன்றியிருக்க வேண்டும். ஸ்டெல்லாரிஸ் ஃபோல்டருக்குள் 'லாக்ஸ்', அதில் 'எரர்' என்ற கோப்பு. அதை எடிட்டரிலேயே திறந்து வைத்தால் கேம் ஓட ஓடத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. என் லோக்கலைசேஷன் கோப்பின் பெயரோடு ஒரு வரி இருந்தது: பி.ஓ.எம். இல்லையாம்.

அது என்ன என்று பார்க்க கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் எக்ஸ்டென்ஷனை (வி.எஸ். கோடில் சேர்க்கும் துணைக்கருவி) போட்டு, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் கோப்பின் முதல் பைட், தசம எண்ணில் சொன்னால் 108. அது 'எல்' என்ற எழுத்து. கேமின் கோப்பிலோ அந்த 108-க்கு முன்னால் மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது: 239, 187, 191. இதுதான் அந்த பி.ஓ.எம்.: 'இந்தக் கோப்பின் எழுத்துகள் யு.டி.எஃப்.-8 முறையில் இருக்கின்றன' என்று சொல்வதற்கான முத்திரை. சாதாரணப் பார்வையில் அதற்கு உருவமே கிடையாது. நான் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதெல்லாம் வீண். வித்தியாசம் எழுத்தில் இல்லை.

வைத்தியம் ஐந்து நொடி. எடிட்டரின் அடிப்பட்டையில் வலது ஓரம் 'யு.டி.எஃப்.-8' என்று இருப்பதைச் சொடுக்கி, 'சேவ் வித் என்கோடிங்' போய், பி.ஓ.எம். சேர்ந்ததைத் தேர்ந்தெடுத்தேன். கேமை மூடித் திறந்தேன். முதுகுடி!

பழைய குறிப்புகளில் 'நோட்பேடில் யு.டி.எஃப்.-8 என்று சேமித்தால் போதும்' என்று எழுதியிருப்பதும் பொய்யில்லை. அந்தக் காலத்து நோட்பேட் அப்படிச் சேமித்தால் முத்திரையையும் சேர்த்தே குத்தும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அதே பெயர் முத்திரை இல்லாததைக் குறிக்கிறது. முத்திரை உள்ளது பட்டியலில் தனியாக நிற்கிறது. சொல் அதேதான், பொருள் மாறிவிட்டது.

யாமல் கோப்புகளுக்கு மட்டும் முத்திரையோடு சேமிக்கும்படி வொர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் எழுதிவிட்டேன். இது புதிதாக உருவாக்கும் கோப்புகளுக்குத்தான். ஏற்கெனவே முத்திரையில்லாமல் கிடப்பதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

பெயர் வந்த சந்தோஷத்தில் மூன்று நாள் ஓடிவிட்டது. இன்று அக்கா மகன் விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "மாமா, பேர் மட்டும்தான் இருக்கு. ஆயுசு கூடவே இல்ல."

சி.டபிள்யூ. டூல்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். பாரடாக்ஸ் கேம்களின் ஸ்கிரிப்டில் பிழை பார்ப்பதற்கென்றே செய்தது. ஸ்டெல்லாரிஸ் மட்டுமல்ல, அவர்களுடைய மற்ற பல கேம்களும் அதற்குத் தெரியும். கேம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை முழுக்கப் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. அதன்பின் என் கோப்பைத் திறந்தால் நடுவில் ஒரு சொல்லின் கீழே சிவப்பு நெளிகோடு. குணத்தின் விளைவைச் சொல்லும் 'மாடிஃபையர்' என்பதில் ஓர் ஆங்கில 'ஐ'யை விழுங்கியிருக்கிறேன். நகலெடுத்த வரியை எதற்காகத் திரும்பத் தட்டினேன் என்று கேட்காதீர்கள்.

முழு கேமையும் இந்த எக்ஸ்டென்ஷன் சுமப்பதால் மெமரி நன்றாகவே இழுக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முதுகுடித் தலைவர் ஒருவர் பழைய கணக்குப்படி போய்ச் சேர வேண்டிய வயதைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறார். குணத்தின் விலையை, அதாவது அதை எடுக்கக் கேமில் செலவாகும் புள்ளியை, 0 ஆக்கச் சொல்லி அக்கா மகன் அரை மணி நேரம் சண்டை. 2-இல் நின்றேன்.

அடுத்த கோரிக்கையும் வந்தாயிற்று: குணத்துக்கு ஒரு படம் வேண்டுமாம், தாடி வைத்த ஆமை. கேமின் ஐகான்கள் டி.டி.எஸ். வடிவம், வி.எஸ். கோடில் சொடுக்கினால் திறக்க மறுக்கிறது. படங்களைத் திருத்தும் கிம்ப் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவன் ஆமையைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்துவிட்டான்.