அம்மாவுக்கு ஆர்-சாப் ஓடிய மாதங்கள்

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று போன அம்மாவுக்கு பயாப்ஸியில் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், என்று வந்தது. டாக்டர் எழுதிய சிகிச்சை ஆர்-சாப்: ரிடுக்சிமாப், சைக்ளோபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசலோன். 21 நாளைக்கு ஒரு சைக்கிள், மொத்தம் 6. கீமோ என்றாலே வாந்தியும் மொட்டைத் தலையும்தான் என்று நினைத்திருந்தோம். முடி கொட்டியது உண்மைதான். வாந்தியை மாத்திரையிலேயே அடக்கிவிட்டார்கள். எங்களை அலைக்கழித்தவை வேறு.

மருந்து ஏற்றும் முன் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தார்கள், டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால். ஹெபடைட்டிஸ் பி சோதனையும் உண்டு. உள்ளே அடங்கிக் கிடக்கும் கிருமியை ரிடுக்சிமாப் கிளப்பிவிடலாமாம். முதல் நாள் ரிடுக்சிமாப் ஏறும்போதே அம்மாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. நர்ஸ் உடனே டிரிப்ஸை நிறுத்தி, ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியதும் மெதுவாக ஓடவிட்டார். அடுத்த சைக்கிளிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. டாக்ஸோரூபிசின் செக்கச்செவேல் என்று இருக்கும். சிறுநீரும் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும் என்று அந்த நர்ஸ் முன்கூட்டியே சொன்னதால் வீட்டில் யாரும் பதறவில்லை.

பிரெட்னிசலோன் 5 நாள் மாத்திரை. அந்த நாட்களில் அம்மாவுக்கு அகோரப் பசி, ராத்திரி தூக்கம் கிடையாது, சுகர் 300-ஐத் தாண்டியது. மாத்திரை முடிந்த மறுநாள் அப்படியே துவண்டு போவார்.

உண்மையான ஆபத்து அதற்கு அடுத்த வாரத்தில் இருக்கிறது. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம் அது. முதல் சைக்கிளில் பத்தாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 101. "ஒரு குரோசினைக் கொடுத்துப் படுக்கச் சொல்லு, காலையில பாத்துக்கலாம்" என்றார் மாமா. 100.4-ஐத் தொட்டால் எந்த நேரமானாலும் கிளம்பி வாருங்கள், மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள் என்று கீமோ போடும் டே கேர் வார்டில் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ பிடித்துப் போய், வாசலிலேயே "கீமோ போட்டுப் பத்து நாள், காய்ச்சல்" என்றேன். வரிசையில் உட்கார வைக்கவில்லை. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 500-க்கும் கீழே இருந்தது. காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டியூட்டி டாக்டர் சொன்னதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் அணுக்களை ஏற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டார்கள். அதில் இடுப்பு எலும்பு குடைகிற மாதிரி வலிக்கும், ஆனால் காய்ச்சல் திரும்ப வரவில்லை.

வின்கிரிஸ்டின் சத்தமில்லாமல் வேலை செய்கிற மருந்து. முதலில் மலச்சிக்கல், லாக்டுலோஸ் என்கிற மலமிளக்கி இல்லாமல் ஒரு வாரமும் ஓடவில்லை. பிறகு விரல் நுனி மரத்தது. கண்ணை மூடிக்கொண்டே மல்லிகைச் சரம் தொடுக்கிற அம்மாவுக்கு நார் விரலில் நிற்கவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிட்டார். இதை டாக்டரிடம் சொல்லவே மாட்டேன் என்றார், மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். நான்தான் சொன்னேன். அவர் வின்கிரிஸ்டினின் அளவை மட்டும் குறைத்தார், மற்றவை அப்படியே ஓடின.

வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அது தெரிந்த சொந்தக்காரர்கள், கொல்லையில் இருக்கிற செடியைப் பிடுங்கிச் சாறு கொடு என்றார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்குக் கொடுப்பதே அதிகபட்சம் 2 மில்லிகிராம், அதுவும் ரத்தக் குழாயில் ஊசி வழியாக, அளந்து. செடியில் அதோடு வேறு நச்சுகளும் இருக்கின்றன.

6 சைக்கிளும் முடிந்து புற்றுநோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் சுத்தமாக வந்தது. கைவிரல்கள் தேறி வருகின்றன, பாதத்தில் மரப்பு இன்னும் போகவில்லை. அதனால் வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுத்தான் நடக்கிறார், குளிக்கிற வெந்நீரை நான் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.