அடித்தள நோடை முதலில் வரைந்து பாருங்கள்

எம்.இ. புராஜெக்ட்டுக்காக ஐந்து மாடி ஃபிரேம் ஒன்றை ஓப்பன்சீஸ்பை என்ற பைத்தான் கட்டமைப்பு அனாலிசிஸ் லைப்ரரியில் மாடல் செய்து, கலிஃபோர்னியாவின் 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவைக் கொடுத்து ஓட்டினேன். மாடல், டேம்பிங், அனாலிசிஸ் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. நோடுகளின் (மாடலில் உறுப்புகள் சேரும் புள்ளிகளின்) முடிவை மேட்பிளாட்லிப் என்ற வரைபட லைப்ரரியில் கிராஃபாக்கத்தான் மூன்று வாரம் ஆனது.

முதலில், மொட்டைமாடி நோடின் இடப்பெயர்ச்சி கிராஃப் கடைசி சில நொடிகள் இல்லாமல் அறுந்து நின்றது. சில முறை ஃபைலின் கடைசி வரியில் எண்கள் பாதியோடு நின்றதால், ஃபைலைப் படிக்கும் நம்பையின் லோட்டெக்ஸ்ட் கட்டளை பிழை காட்டியது. அனாலிசிஸ்தான் நடுவில் நிற்கிறது என்று நினைத்து டாலரன்ஸ், டைம் ஸ்டெப், அல்காரிதம் என இரண்டு இரவு மாற்றிக்கொண்டே இருந்தேன். அனலைஸ் கட்டளையோ ஒவ்வொரு முறையும் 0 என்றே தந்தது, அதாவது சரியாக முடிந்திருக்கிறது. மறுநாள் காலை அதே ஃபைலைத் திறந்தால் முழுசாக இருக்கிறது! முடிவுகளை ஃபைலில் பதியும் ரெக்கார்டர் எழுதுவதில் கொஞ்சம் மெமரியிலேயே தங்கிவிடும்; புரோகிராம் முடியும்போதுதான் அது ஃபைலுக்கு வருகிறது. ஒரே ஸ்கிரிப்ட்டில் ஓட்டிப் படிக்கவும் செய்வதாக இருந்தால், படிப்பதற்கு முன், மாடலை அழித்து ரெக்கார்டரையும் மூடும் வைப் கட்டளை கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு வரிக்காக இரண்டு இரவுத் தூக்கம் போனது.

சரி, கிராஃப் வந்துவிட்டது என்று கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கைடு சாரைப் பார்க்க தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். முடுக்க கிராஃபைக் கையில் வாங்கியதுமே கேட்டார்: "முதல் மாடி தரையோடு ஒட்டியே ஆடணும். அதோட முடுக்கம் தரையைவிட இவ்வளவு குறைவா எப்படி தம்பி வரும்?" பதில் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில் பிடிபட்டது. யூனிஃபார்ம் எக்ஸைட்டேஷனில் (எல்லா அடித்தளத்தையும் ஒரே பதிவால் ஆட்டும் முறையில்) நோடு ரெக்கார்டர் தருவது தரையைப் பொறுத்த சார்பு முடுக்கம். முழு முடுக்கம் வேண்டுமானால் ரெக்கார்டரில் டைம்சீரீஸ் ஆப்ஷனைச் சேர்த்து, நிலநடுக்கப் பதிவை ஏற்றிய டைம்சீரீஸின் அடையாள எண்ணைத் தர வேண்டும். பதிவு ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அலகில் இருந்தால் 9.81 பெருக்கலை டைம்சீரீஸிலேயே வையுங்கள். அந்தப் பதிவை மாடலுக்குச் செலுத்தும் பேட்டர்னில் வைத்தால் ரெக்கார்டருக்கு அது தெரியாது, பெருக்காத எண்ணைத்தான் கூட்டும்.

இன்னொன்று, டைம் ஆப்ஷன் போட்டால் ஃபைலின் முதல் நெடுவரிசை நேரம். பைத்தானில் எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால், ஐந்தாம் மாடி என்று நினைத்து நாலாம் மாடியை வரைந்துவிட வாய்ப்பு அதிகம். நானும் ஒருநாள் முழுக்க அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

இப்போது எந்த கிராஃபுக்கும் முன்னால் அடித்தள நோடின் முடுக்கத்தை வரைகிறேன். பூஜ்யக் கோடாக வந்தால் அது சார்பு முடுக்கம். அன்று இரவு திருத்தி ஓட்டியபோது, அடித்தளக் கோடு எல் சென்ட்ரோ பதிவின் மேல் இம்மி பிசகாமல் படிந்தது. அதை மட்டும் தனியாக பிரிண்ட் எடுத்து, அடுத்த பயணத்தில் சாரிடம் முதல் தாளாக நீட்டினேன். பார்த்துவிட்டு, "அடுத்த பக்கம் காட்டு" என்றார்.