ஏழாம் சொனாட்டாவின் இடது கை

ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ஏழாம் பியானோ சொனாட்டாவை (தனிப் பியானோவுக்கான, பல பகுதிகள் கொண்ட படைப்பு) யார் வாசித்திருந்தாலும், கடைசிப் பகுதி வந்ததும் என் காது நேராக இடது கைக்குப் போய்விடும். தாளம் ஏழு எண்ணிக்கை. ஏழு என்றதும் நமக்குக் கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மூன்றும் நான்குமான நடை இதில் இல்லை. 2, 3, 2 என்று உடைகிறது. அடியில் பி ஃப்ளாட் என்ற சுரத்திலிருந்து சி ஷார்ப் என்ற சுரத்துக்கு ஏறி, மறுபடி பி ஃப்ளாட்டிலேயே வந்து விழும் மூன்றே சுரங்கள். வலது கை எங்கே பாய்ந்தாலும் இவை திரும்பத் திரும்ப வந்து இடிக்கும்.

பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் 1970களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் மேடையில் வாசித்த பதிவு மூச்சு வாங்க வைக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் எனக்கு அதில் அந்த மூன்று சுரங்களின் கனம் குறைகிறது. பொலினியின் 1971 பதிவு நேர் எதிர். ஒரு சுரம்கூட இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளாது. வியந்து கேட்பேன், பயம் மட்டும் வராது.

இந்த இசைக்குப் பயம் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். 1942இல் எழுதி முடிக்கப்பட்டது. 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் பியானோ கலைஞர் ரிக்டர் இதை முதன்முதலாக மேடையேற்றியபோது, இரண்டாம் உலகப் போரின் ஸ்டாலின்கிராட் சண்டை இன்னும் ஓயவில்லை. நான்கே நாளில் பாடம் பண்ணியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய 1958 பதிவில் வேகத்துக்காக வேகம் கிடையாது. பிடித்த நடையை விடாமல், ஒலியை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார். கடைசிப் பக்கத்தில் இரண்டு கைகளும் தாவித் தாவி அடிக்கும் இடத்தில்கூட அந்த மூன்று சுரங்கள் தனியாகக் காதில் விழுகின்றன.

ஹோரோவிட்ஸின் 1945 பதிவு பழைய ஒலி, இரைச்சல் உண்டு. இருந்தாலும் பியானோவின் அந்தக் கீழ்ச்சுரக் கட்டைகளின் உறுமலுக்காகக் கேட்கலாம்.

அப்புறம் சோகொலோவ். 2002இல் பாரிஸில் படம் பிடித்த கச்சேரி. கடைசிப் பகுதியை மற்றவர்களைவிட நிதானமாகத்தான் எடுக்கிறார், ஆனால் ஒவ்வொரு அழுத்தமும் முழு எடையோடு இறங்குகிறது. ரிக்டருக்கு அடுத்து எனக்கு இவர்தான். கேட்பவர்கள் தயவுசெய்து நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவாதீர்கள். நடுவில் வரும் மெதுவான பகுதியில், மணியடிப்பது போன்ற சுரங்களை அவர் எவ்வளவு பொறுமையாக ஒலிக்க விடுகிறார் என்று கேட்ட பிறகு, அந்த இடி இன்னும் பலமாக விழும்.